ஐம்பத்தெட்டு ‘வ’

என் வீட்டுக்காரரால் திறக்க முடியாத பூட்டு இந்த ஊரில் இல்லை. நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. அவர் வாயைத் திறக்க வைக்கத்தான் இருபத்து மூன்று வருடமாக நான் படாத பாடு படுகிறேன். அதற்கு இன்னும் சாவி அகப்படவில்லை.

அவருக்குப் பூட்டுத் தொழில். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே விழிப்பவர்கள், சாவியைத் தொலைத்தவர்கள், பழைய பூட்டை மாற்ற நினைப்பவர்கள், எல்லாரும் இவருக்குத்தான் போன் செய்வார்கள். கல்யாணமான புதிதில் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு குடையின் கீழ் உட்கார்ந்து மாற்றுச் சாவி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு செருப்புக் கடையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தார். ஒன்பது வருடத்துக்கு முன் பழைய வேன் ஒன்று வாங்கினோம். இப்போது கடை, பட்டறை, ஆபீஸ் எல்லாம் அந்த வேன்தான். என்னிடம் பேசுவதைவிட அதனிடம் அதிகம் பேசுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய ஒரு விஷயம் சொன்னால் போதும். கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்குள் சண்டை. எதற்கென்று இப்போது நினைவில்லை. தப்பு அவர்மேல் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் குப்பை கொட்டக் கீழே போன நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிவிட்டேன். அந்தப் பூட்டு அவருக்கு இரண்டு நிமிஷ வேலை. கருவிப் பெட்டியும் வெளியேதான், மாடிப்படி ஓரத்தில் இருந்தது. மனிதர் கதவைத் தட்டவுமில்லை, பூட்டைத் தொடவுமில்லை. படியில் உட்கார்ந்தார். ஐந்து மணி வரை உட்கார்ந்தே இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்காமல் போய்த் திறந்தேன்.

“ரெண்டு நிமிஷத்துல திறக்கத் தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“நீ பூட்டினத நான் எப்படித் திறக்கிறது?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து கை கழுவினார். இப்படி ஒரு கல்லுளிமங்கனோடு யாரால் சண்டை போட முடியும்?

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதக் கடைசியில் கை கடிக்கும். ஓய்வே இல்லாமல் ஓடுகிறாரே, பணம் எங்கே என்று கேட்டால், “இன்னும் வரல” என்பார். யார் தரவில்லை என்று கேட்டால், “தருவாங்க” என்பார். அதற்கு மேல் பிடி கொடுக்க மாட்டார். வேலையை வாங்கிக்கொண்டு காசு தராத அந்த முகம் தெரியாத ஆட்களை நான் திட்டாத நாள் இல்லை. அவர்கள் கையில் வாங்கிய சாவியெல்லாம் தொலைந்துபோக வேண்டும் என்று வாய்விட்டுச் சபித்திருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

அவருக்கும் காகிதத்துக்கும் ஏழாம் பொருத்தம். வரித் துறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தை, வேனின் சாமான் தட்டில் எண்ணெய் டப்பாவுக்கு அடியில், பதினெட்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தார். ஊரார் கதவையெல்லாம் திறக்கிறவருக்கு ஒரு கவரைத் திறக்கக் கை வரவில்லை. ஒரு திங்கட்கிழமை வேனைக் கூட்டப் போன நான்தான் அதைக் கண்டெடுத்தேன். தட்டுகள் எல்லாவற்றையும் துடைத்தேன், அடி இழுப்பறை மட்டும் எப்போதும்போல் பூட்டியிருந்தது. உளி இருக்கு, கையைக் கிழிச்சிடும் என்று அதை என்னைத் தொட விடமாட்டார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வருட வருமானக் கணக்கை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், அல்லது கணக்கில் கோளாறு இருந்தால், மாதக் கடைசியில் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். மற்றத் தொழில்காரர்கள் உரிமம் இல்லாமல் நாலு நாள் ஓட்டிவிடலாம். அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறக்கிறவருக்கு அது முடியாது. திருடனுக்கும் இவருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு காகிதம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நோட்டுகளையும் ரசீதுகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு கணக்காளரிடம் ஓடினேன். துணி வெளுக்கும் கடைக்கு மாடியில் அவர் ஆபீஸ். படியேறும்போதே சூடான ஆவியும் சோப்பு வாசனையும் மூக்கில் ஏறும். வரி கட்டும் காலம் வந்துவிட்டால் அந்தப் படி முழுக்க ஆட்கள், ஒவ்வொருவர் மடியிலும் பில் நிறைந்த பிளாஸ்டிக் பை. ஆஸ்பத்திரி வராந்தாகூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும். கணக்காளருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் எல்லாரும் பென்சிலம்மா என்பார்கள். அவர் முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவருக்குக் கோபம் வராது.

“வெள்ளிக்கிழமைக்கு இன்னிக்கா கொண்டு வர்றது அக்கா?” என்றார்.

“என்கிட்ட கேட்டா? பெத்த பிள்ளை மாதிரி கவரைப் பொத்தி வெச்சிருந்தாரும்மா.”

“சரி, வெச்சுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. அண்ணன் இல்லாம வரக்கூடாது.”

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நாங்கள் போனபோது பென்சிலம்மா சிரிக்கவில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“போன வருஷ வரவு அம்பத்து மூவாயிரத்து நூறு. சின்னத் தொழிலுக்கு வரம்பு அம்பதாயிரம். அதுக்கு மேல போனா தனியாப் பதிவு பண்ணி இன்னொரு வரி கட்டியிருக்கணும். நீங்க பண்ணல. அபராதம் வரும். அபராதம் நிலுவையில இருந்தா உரிமம் கிடைக்காது.”

எனக்கு அபராதம் காதில் விழவில்லை. முதல் எண்ணிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பணம் ஒவ்வொன்றும் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. நாற்பத்தாறாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் நான் பார்த்ததே இல்லை.

“அம்பத்து மூணா? மீதி ஏழாயிரம் எங்க?” என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

“கேக்கிறேன்ல? எங்க போச்சு?”

“எங்கயும் போகல” என்றார்.

“எங்கயும் போகலன்னா எங்க இருக்கு? எந்தச் சின்ன வீட்டுக்குக் குடுத்தீங்க?”

கோபத்தில்தான் கேட்டேன். ஆனால் கேட்டு முடித்ததும் அது உண்மையாக இருந்துவிட்டால் என்று ஒரு பயம் வந்தது. பேசாத மனிதர்களைப் பற்றி எதைத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்? பென்சிலம்மா என் முன் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

நோட்டில் அவருடைய கோணல் எழுத்து. போன் வந்ததும் தேதி, தெரு, வேலைக்கு என்ன தொகை என்று எழுதிக்கொள்வார். வேலை முடிந்ததும் பக்கத்தில் ஒரு அடையாளம். பெரும்பாலும் டிக். சில இடங்களில் டிக்குக்குப் பதிலாக ‘வ’.

“டிக் போட்டது எல்லாம் நாப்பத்தாறாயிரத்து இருநூத்திப் பத்து. ‘வ’ போட்டது அம்பத்தெட்டு வேலை, ஆறாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு. ‘வ’ன்னா வரவுதானே அண்ணா? நான் படிச்ச படிப்புல வரவுக்கு ‘வ’, பற்றுக்கு ‘ப’.”

“வரவு இல்ல” என்றார் அவர்.

“அப்ப?”

அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “வரல” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட, நம்ம காசு தராத பாவிகள்! நான் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் இந்த ‘வ’ எல்லாம். “பாத்தியாம்மா? நான் சொல்லலை? வேலையை வாங்கிட்டு ஏமாத்தற கூட்டம். அதையெல்லாம் எடுத்துடு. நாப்பத்தாறுதான் வரவு. வரம்புக்குள்ள வந்தாச்சுல்ல?” என்றேன்.

பென்சிலம்மா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். தலையை மெதுவாக ஆட்டினார், இல்லை என்று.

“வரலைன்னாலும் சேரும் அக்கா. வேலை செஞ்சு, பணம் கேட்டு, அவங்க தரலைன்னா அது பாக்கி. பாக்கி உங்களுக்கு வர வேண்டிய பணம். வர வேண்டியதும் இந்தச் சட்டத்துல வருமானம்தான்.”

“வராத காசுக்கு வரியா? இது என்ன அநியாயம்!”

“அநியாயமோ நியாயமோ, அப்படித்தான் எழுதியிருக்கு.”

மணி இரண்டரை. கீழே துணி உலர்த்தும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, மேசை லேசாக அதிர்ந்தது. அபராதம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு வேனை விற்றாலும் போதாது. விற்காவிட்டாலும் உரிமம் இல்லாத வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐம்பது வயதில் மறுபடியும் பேருந்து நிலையத்துக் குடைக்குக் கீழே போய் உட்காரச் சொல்வதா? எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பென்சிலம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டு, அவரிடம் மட்டும் கேட்டார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க. இந்த அம்பத்தெட்டு பேர்கிட்ட நீங்க பணம் கேட்டீங்களா? கேட்டு வரலையா? இல்ல, நீங்க கேக்கவே இல்லையா?”

அவர் நோட்டின் ஓரத்தை மடக்கி நீவினார்.

“ஏன்னா கேக்காம விட்டிருந்தா அது பாக்கி இல்ல. வருமானமும் இல்ல. சும்மா செஞ்ச வேலை. அதுக்கு வரி கிடையாது. ‘வ’ன்னா வரலையா, வாங்கலையா?”

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தொழில் மிஞ்சும். ஆனால் மனிதர் பொட்டுப் பொட்டாக வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருடன் கையில் மாட்டிய பூட்டுபோல் முகம் இறுகிக் கிடந்தது. அவர் வாய்க்கும் அந்த வார்த்தைக்கும் நடுவில் இருந்தது வரித் துறை அல்ல, நான்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. “சொல்லுங்களேன்! மணி ஓடுது” என்று அதட்டினேன்.

“நீ கொஞ்சம் கீழ போயிட்டு வர்றியா?” என்றார்.

“நான் எதுக்குப் போகணும்?”

“அக்கா இருக்கட்டும் அண்ணா” என்றார் பென்சிலம்மா. “வீட்டுக்குத் தெரியாத கணக்கு எந்த ஆபீசுலயும் நிக்காது.”

அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் எப்போதும் போகாத கறுப்பு. “வாங்கல” என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். “வாங்கல. நான் கேக்கல.”

“அம்பத்தெட்டு பேர்கிட்டயுமா?” என்றேன்.

“ம்.”

“ஏன்?”

“தொலைச்சவங்ககிட்ட வாங்குவேன். பூட்டு மாத்தறவங்ககிட்ட வாங்குவேன்.” அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “வீட்டுக்காரங்களே வெளிய தள்ளிப் பூட்டிடறாங்க பாரு. புருஷன், மகன், மருமக. அவங்க படியில உக்காந்திருப்பாங்க. முகத்தைப் பாத்தா கேக்க வாய் வரல. நானும் உக்காந்திருக்கேன்ல.”

பென்சிலம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. எட்டாம் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் அதை வேடிக்கைக் கதையாக எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! அவர் அதை இத்தனை வருடம் வேறு விதமாகச் சுமந்திருக்கிறார்.

ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. “இதை என்கிட்ட சொல்லியிருந்தா என்ன? எத்தனை வருஷமா வரல வரலன்னு பொய்!”

“சொன்னா திட்டுவ.”

“திட்டுவேன்தான்!”

“அதான்.”

பென்சிலம்மா கையை உயர்த்தினார். “சண்டையை அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கங்க. ஆதாரம் வேணும். வாங்கலன்னு வாயால சொன்னா எழுதிக்க மாட்டாங்க.”

என் வீட்டுக்காரர் எழுந்து கீழே வேனுக்குப் போனார். ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. ஓடிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் நான்கு ரசீதுப் புத்தகம். உளி இருக்கு என்று என்னைத் தொடவிடாத அடி இழுப்பறையில் இருந்தவை. யாருக்காகப் பூட்டைத் திறந்தாலும் அவர்களிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், உரிமத்தில் இருக்கும் விதி அது. வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு நகலிலும் தேதி, தெரு, கீழே நடுங்கிய கையெழுத்தோ கண்ணீர் பட்டுக் கலங்கிய கையெழுத்தோ. தொகை எழுதும் இடத்தில் மட்டும் ஒரு கோடு.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க” என்றார் பென்சிலம்மா. “அண்ணன் ரசீது குடுத்துப் போட்டிருக்கார்.”

நான் நோட்டைப் படிக்க, பென்சிலம்மா ரசீதைத் தேட, என் வீட்டுக்காரர் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மூன்று மணி, மூன்றரை. நடுவில் அச்சு இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. இவர் ஊக்கு ஒன்றை வளைத்து உள்ளே விட்டு அதையும் திறந்து கொடுத்தார். நான்கு மணிக்கு எண்ணி முடித்தோம். ஐம்பத்தேழு.

மறுபடி எண்ணினோம். ஐம்பத்தேழுதான்.

“ஒண்ணு குறைஞ்சா மத்த அம்பத்தேழையும் நம்ப மாட்டாங்க” என்றார் பென்சிலம்மா. அவர் குரலிலும் இப்போது படபடப்பு. “எது அந்த ஒண்ணு? பிப்ரவரி பதினொண்ணு, நூத்தி இருபது, ‘வ’. தெருப் பேரே இல்ல. ‘வீடு’ன்னு மட்டும் இருக்கு. யார் வீடு அண்ணா?”

இவர் என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி பதினொன்று. அன்று காலை மளிகைக்குப் பணம் பற்றவில்லை. அந்தக் காசு தராத பாவிகளை வைத்துத்தான் சண்டை. அவர் வேலைக்குப் போன பின்பும் கோபம் தீராமல் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன், சாவி உள்ளே மாட்டிக்கொண்டது. கௌரவம் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு போன் செய்தேன். ஊரின் அந்தக் கோடியில் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். ஒரு நிமிஷத்தில் திறந்தார். உள்ளேகூட வராமல் திரும்பிப் போனார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அதையுமா எழுதினீங்க?” என்றேன்.

“வேலை செஞ்சா எழுதணும்ல. எழுதாட்டி வண்டி ஓடின கிலோமீட்டர் கணக்கு இடிக்கும்.”

“ரசீது?”

“அன்னிக்கு உன்கிட்ட ரசீதை நீட்டியிருந்தா என் மண்டையை உடைச்சிருப்ப.”

“இப்ப பழைய தேதியில எழுதக்கூடாது, அது பொய்க் கணக்கு” என்றார் பென்சிலம்மா. மணி நான்கு இருபது. “ஆனா வேலை செய்யச் சொன்னவங்க இன்னிக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதித் தரலாம். அக்கா, நீங்கதான் வாடிக்கையாளர்.”

என் முன் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். எனக்கு என்ன தோன்றியதோ, பையைத் திறந்து நூற்றிருபதை எடுத்து என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினேன். அவர் கையை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டார்.

“ஐயோ அக்கா, உள்ள வைங்க!” என்று பென்சிலம்மா அலறினார். “இப்ப குடுத்தா இந்த வருஷ வரவாயிடும்.”

எழுதினேன். போன வருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி என் வீட்டுக்கு வெளியே நின்ற எனக்கு இவர் பூட்டைத் திறந்து கொடுத்தார். அதற்காக என்னிடம் பணம் வாங்கவில்லை. ‘வாங்கவில்லை’ என்று எழுதும்போது கண் மறைத்தது, தாளில் ஒரு சொட்டு விழுந்தது. கையெழுத்துப் போட்டு நகர்த்தினேன். நான்கு நாற்பத்தெட்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினியில் பச்சை எழுத்து வந்தது. பென்சிலம்மா அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தார். தன் கூலியைச் சொன்னார், ஒரு காசு குறைக்கவில்லை. “எனக்கு டிக் போடுங்க அண்ணா, ‘வ’ எல்லாம் வேணாம்” என்றார்.

படியிறங்கும்போது இவர் முன்னால் போனார். ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையை வாங்கிக்கொண்டு காசு தராத பாவிகள் என்று இத்தனை வருடம் நான் சபித்த கூட்டத்தில், ஐம்பத்தெட்டாவது ஆள் நான்.